டெலிவரி லொறியின் ஏசியை நிறுவனத்தைக் கொண்டு திருத்த வைப்பது எப்படி?

சித்திரை மாத நடுப்பகலில் ஆனையிறவைக் கடந்து லொறி ஓட்டியவருக்கு நான் ஒன்றும் விளக்கத் தேவையில்லை. இரண்டு பக்கமும் தண்ணீரும் உப்புவெளியும், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் டெலிவரிக்கு ஓடும் லொறிகளில் பெரும்பாலானவற்றில் எஞ்சின் இருக்கைக்கு அடியில்தான் இருக்கிறது. மேலே வெயில், கீழே எஞ்சின். ஏசி பழுதென்றால் கண்ணாடியை இறக்கியும் பலனில்லை, அனல்தான் உள்ளே வரும்.

நான் ஏழு வருடம் பிஸ்கட்டும் சோடாவும் ஏற்றிக்கொண்டு சுன்னாகம், நெல்லியடி, கொடிகாமம் என்று கடை கடையாக இறக்கியவன். எங்கள் நிறுவனத்தில் மூன்று லொறிகளின் ஏசி ஒன்றரை வருடம் பழுதாகவே கிடந்தது. எத்தனையோ தரம் சொன்னோம், எல்லாம் வாயால். எழுதிக் கொடுத்த பிறகு ஐந்து கிழமையில் திருத்தினார்கள். அன்று செய்ததைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: பழுது எதுவென்று பாருங்கள்

"ஏசி வேலை செய்யேல்லை சேர்" என்று மட்டும் சொன்னால் மனேஜரின் காதில் அது பெரிய செலவாகத்தான் விழும். அதனால் முதலில் நீங்களே கொஞ்சம் பாருங்கள்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஏசியைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுங்கள். காஸை அழுத்திச் சுற்றவிடும் கொம்பிரசர் பிடிக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், எஞ்சின் சத்தமும் லேசாக மாறும். சத்தமும் வருகிறது, காற்றும் வருகிறது, குளிர் மட்டும் இல்லை என்றால் பெரும்பாலும் காஸ் குறைந்திருக்கும், இல்லாவிட்டால் காஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரில் தூசி அடைத்திருக்கும். 'டிக்' சத்தமே வராவிட்டால் பியூஸ், வயர், கொம்பிரசரை எஞ்சினோடு இணைக்கும் கிளச் ஆகியவற்றில் ஒன்று போயிருக்கலாம், காஸ் அடியோடு இறங்கியிருக்கவும் கூடும். காற்றே வரவில்லையா? காற்றைத் தள்ளும் புளோவர் மோட்டாரையும் பில்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். பில்டர் அடைப்பு என்றால் மிகச் சிறிய செலவு.

ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஏசி காஸ் டீசல் மாதிரி எரிந்து தீர்வதில்லை, மூடிய குழாய்க்குள் திரும்பத் திரும்பச் சுற்றுவது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைப் பிடிக்காமல் காஸ் மட்டும் அடித்தால் கொஞ்ச நாளில் மறுபடியும் சூடுதான். அப்போது "போன மாதம்தானே காசு கட்டினோம்" என்று முதலாளி கேட்பார், அதில் நியாயமும் இருக்கும். குழாய் மூட்டுகளை டோர்ச் அடித்துப் பாருங்கள். கசிந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். அதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். நீங்களாக எதையும் கழற்ற வேண்டாம். உள்ளே காஸ் அழுத்தத்தில் இருக்கிறது, கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

இரண்டாம் படி: சூட்டை அளந்து எழுதுங்கள்

ஒரு சின்ன டிஜிட்டல் வெப்பமானி வாங்கி, நேரடி வெயில் படாத இடத்தில், இருக்கைக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். ஐந்து வேலை நாள் போதும். திகதி, நேரம், இடம், பாகை ஆகிய நான்கையும் எழுதுங்கள். என் கொப்பியில் ஒரு வரி இப்படி இருந்தது: "12.40, கொடிகாமம் சந்தைக்குப் பக்கம், சாமான் இறக்கி 20 நிமிடத்துக்குப் பிறகு, 43 பாகை." சூட்டால் தலை சுற்றியது, வண்டியை ஓரம் கட்டியது எல்லாம் நடந்த நேரத்திலேயே எழுதப்பட வேண்டும். நான்கு நாள் கழித்து ஞாபகத்தில் எழுதினால் அதற்குப் பெறுமதி குறைவு.

மூன்றாம் படி: விலை கேட்டு வாங்குங்கள்

ஏசி வேலை தெரிந்த இரண்டு கராஜ்களில் எழுத்தில் விலை வாங்குங்கள். கசிவு பார்ப்பது, திருத்துவது, காஸ் அடிப்பது மூன்றும் தனித்தனியாக இருக்கவேண்டும். "எவ்வளவு முடியும்?" என்ற முதலாளியின் முதல் கேள்விக்கு அந்தத் தாளே பதில்.

நான்காம் படி: கடிதம்

முதலில் மரியாதைக்கு நேரில் கதையுங்கள். அன்றைக்கே கடிதத்தையும் கொடுங்கள். கெஞ்சலும் வேண்டாம், வெருட்டலும் வேண்டாம்.

"முகாமையாளர் அவர்கட்கு,
......... இலக்க லொறியின் ஏசி கடந்த மாசி மாதம் முதல் வேலை செய்யவில்லை. இம்மாதம் 3ஆம் திகதி முதல் 7ஆம் திகதி வரை உள்ளே அளந்த வெப்பநிலையை இணைத்துள்ளோம். 5ஆம் திகதி உதவியாளர் ஒருவருக்குத் தலைசுற்றல் ஏற்பட்டு நெல்லியடியில் 40 நிமிடம் வண்டியை நிறுத்த நேர்ந்தது. இரண்டு கராஜ்களின் விலைகளும் இத்துடன் உள்ளன. 30ஆம் திகதிக்கு முன் திருத்தித் தருமாறும், அதுவரை பகல் 12 மணி முதல் 3 மணி வரையான தூர ஓட்டங்களைக் காலைக்கு மாற்றித் தருமாறும் கேட்டுக்கொள்கிறோம்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கையில் காசில்லாத முதலாளியும் ஓட்ட நேரத்தை நாளைக்கே மாற்றலாம். எங்களுக்கு முதலில் கிடைத்தது அதுதான். கடிதத்தின் பிரதியில் பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்கி வையுங்கள்.

ஐந்தாம் படி: தனியாகப் போகாதீர்கள்

எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. ஒருவர் கேட்டால் அவர் 'பிரச்சினைக்காரன்' ஆகிவிடுவார். சாரதிகளும் உதவியாளர்களும் சேர்ந்து கையெழுத்திடுங்கள். யார் முதலில் வைத்தது என்று தெரியாமல் வட்டமாக வைக்கலாம். எங்களில் மூத்த அண்ணை ஒருவர் "பென்சன் எடுக்கிற வயதில எனக்கென்ன தம்பி" என்று பயந்தவர்களுக்கு முன்னால் பேனாவை எடுத்தார். பிறகு மற்றவர்களும் வைத்தார்கள்.

அமெரிக்காவில் யூபிஎஸ் நிறுவனத்தின் பழுப்பு நிற டெலிவரி வண்டிகள் பெரும்பாலும் ஏசி இல்லாமலே ஓடின. 2023இல் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் செய்த ஒப்பந்தத்தில்தான், 2024 ஜனவரி 1க்குப் பிறகு வாங்கும் புதிய வண்டிகளில் ஏசி இருக்கவேண்டும் என்று எழுதப்பட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்திடமும் கூட்டாகக் கேட்டுத்தான் வாங்கினார்கள். இலங்கையில் 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், 7 பேர் சேர்ந்தாலே ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம்.

ஆறாம் படி: பதில் வராவிட்டால்

நீங்கள் குறித்த திகதி போய்விட்டால் இரண்டாவது கடிதத்தைப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போகலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் வேலை நிலைமை பற்றிய பிணக்குகளையும் உள்ளடக்கியது, இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேச அதில் வழி இருக்கிறது. கொப்பி, விலைத் தாள்கள், கடிதப் பிரதி, தபால் ரசீது எல்லாவற்றையும் ஒரே பைலில் கொண்டுபோங்கள்.

இதெல்லாம் முடியும்வரை உங்கள் உடம்பைக் கவனியுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள், வண்டியில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூளான ஜீவனி இரண்டு பக்கெட் வைத்திருங்கள். கூட வருபவர் பேச்சுக் குழறினாலோ, தடுமாறினாலோ அது வெறும் களைப்பில்லை, வெப்பத்தாக்காக இருக்கலாம். நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். மயங்கியவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

திருத்தி வந்ததும் அதே வெப்பமானியை அதே இடத்தில் தொங்கவிட்டு, அதே பாதையில் ஒரு நாள் ஓடிப் பாருங்கள். எங்கள் லொறியில் கொடிகாமத்தில் 28 பாகை காட்டியது. அதையும் கொப்பியில் எழுதி மனேஜரிடம் காட்டினேன். அடுத்த பங்குனியில், வெயில் ஏறுவதற்கு முன் ஏசி பார்க்கவேண்டும் என்று சேர்விஸ் அட்டையில் அவரே எழுதிக் கொடுத்தார்.