கரோக்கேயில் ஜப்பானிய சோகப் பாட்டு: முதல்முறை பாடுபவர்களுக்கு ஒரு செய்முறை

ஜப்பானில் வேலைக்கோ படிப்புக்கோ சேர்ந்தவர்களை யாராவது ஒருவர் சீக்கிரமே கரோக்கேக்கு, அதாவது பதிவான இசையோடு நாமே பாடும் இடத்துக்கு, அழைத்துப் போய்விடுவார். மேடையெல்லாம் கிடையாது. நாலைந்து பேர் நெருக்கி உட்காரும் அறை, ஒரு திரை, இரண்டு மைக், பாட்டைத் தேட ஒரு கையடக்கக் கருவி, குடிக்க ஏதாவது சொல்லச் சுவரில் ஒரு தொலைபேசி, அவ்வளவுதான். தெரிந்த ஆங்கிலப் பாட்டு ஒன்றைப் பாடிவிட்டு உட்கார்ந்துகொண்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த மெதுவான பாட்டு ஒன்றை அவர்கள் மொழியிலேயே பாடிப் பாருங்கள். அதுவரை செல்பேசியில் மூழ்கியிருந்தவர்கூட நிமிர்ந்து, கூடவே பாட ஆரம்பித்துவிடுவார். அந்த ஒரு பாட்டைத் தயார் செய்யத்தான் இந்தப் பதிவு.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சினிமாவில் சோகப் பாட்டு என்றால் குரல் உருக வேண்டும், கடைசியில் உடையவும் வேண்டும். ஜப்பானிய பாலட்டுக்கு, அதாவது அவர்களுடைய மெதுவான உணர்ச்சிப் பாட்டுக்கு, அது ஒத்துவராது. அவற்றில் பல, மேஜர் என்னும் மலர்ச்சியான சுரவரிசையில் வெளிச்சமாகத் தொடங்குபவை. நடுநடுவே கோர்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) சோகச் சாயலுள்ள மைனர் பக்கம் சாயும். சுரவரிசையின் நான்கு, ஐந்து, மூன்று, ஆறாம் சுரங்கள் மேல் அமைந்து போகும் கோர்டு வரிசை அங்கே அவ்வளவு புழக்கம். ராஜபாட்டை என்ற பொருளில் அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். அந்த மூன்றும் ஆறும் மைனர் கோர்டுகள். கசப்பு அங்கே இருக்கிறது, அதை மெட்டே பார்த்துக்கொள்ளும். பாடுபவர் அடக்கிப் பாடினால்தான் அது கேட்பவருக்குப் போய்ச் சேரும். கீழே வரும் படிகள் எல்லாமே இந்த அடக்கத்துக்காகத்தான்.

படி 1: பாட்டைத் தேர்ந்தெடுங்கள்

சகமோதோ க்யூ 1961இல் பாடிய ‘உஎ ஓ முயிதெ அருகோ’வில் தொடங்குங்கள். கண்ணீர் கீழே விழுந்துவிடக் கூடாது என்று வானத்தைப் பார்த்தபடி இரவில் தனியாக நடக்கும் ஒருவனின் பாட்டு. எழுதியவர் எய் ரொகுசுகே, இசை நகமுரா ஹச்சிதாய். அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து 1960இல் நடந்த போராட்டம் தோற்ற சோர்வில் பிறந்த வரிகள் என்பார்கள். ஆனால் பாட்டில் அரசியல் ஒரு சொல்கூட இல்லை. மெட்டு சீட்டியடித்துக்கொண்டு நடக்கிறது. 1963இல் இது ஜப்பானிய மொழியிலேயே அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் 3 வாரம் முதலிடத்தில் இருந்தது. 1985 ஆகஸ்ட் 12 அன்று நடந்த விமான விபத்தில் சகமோதோ 43 வயதில் இறந்தார். அந்தத் தலைமுறையினர் இந்தப் பாட்டைக் கேட்கும்போது அதுவும் சேர்ந்தே நினைவுக்கு வரும். அதனால் இதை எவ்வளவு உற்சாகமாகப் பாடினாலும் அறையில் கொஞ்சம் கனம் இருக்கும்.

நமக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. பல்லவிப் பகுதியின் மெட்டு நான்காவது, ஏழாவது சுரங்களை விட்டுவிட்டு ஐந்து சுரங்களிலேயே நிற்கிறது. அதாவது ச ரி க ப த, நம் மோகனம். காது ஏற்கெனவே பழகிய பாதை.

இது கைவந்த பிறகு நகஜிமா மியுகியின் ‘இதோ’வுக்கு (நூல் என்று பொருள்) போகலாம். 1992இல் வந்த பாட்டு. நெசவின் பாவும் ஊடுமாக இரண்டு பேரைச் சொல்வது, கல்யாண வீடுகளிலும் பாடுவார்கள். அடுத்து ‘நதா ஸோஸோ’. ஒகினாவாவின் பிகின் குழுவினர் கொடுத்த மெட்டுக்கு, இளம் வயதில் இறந்துபோன தன் அண்ணனை நினைத்து மொரியாமா ர்யோகோ எழுதிய வரிகள். 2001இல் நட்சுகவா ரிமி பாடிய பிறகுதான் நாடு முழுவதும் பரவியது. பழைய புகைப்படங்களைப் புரட்டிப் பார்க்கும் பாட்டு. இதைவிட எளிய சொற்களில் இழப்பைச் சொன்ன பாட்டு எனக்குத் தெரிந்து குறைவு. உதாதா ஹிகாருவின் ‘ஃபர்ஸ்ட் லவ்’ (1999), யொனெசு கென்ஷியின் ‘லெமன்’ (2018) இரண்டையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்னதில் கடைசிச் சுற்று அரைச் சுரம் ஏறிவிடும். பின்னதில் பொய்க்குரலுக்குத் தாவ வேண்டிய இடங்கள் நிறைய.

படி 2: வரிகளைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்

திரையில் சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளும், அவற்றின் தலைமேல் சிறிதாக, ஒலிப்பைக் காட்டும் ஹிரகனாவும் ஓடும். ஹிரகனாவின் அடிப்படை எழுத்துகள் 46தான், ஓரிரு வாரத்தில் படித்துவிடலாம். அதுவரை தமிழில் எழுதிப் பாடுவதில் தப்பில்லை. அ, இ, உ, எ, ஒ என்ற ஐந்து உயிர்களும் கிட்டத்தட்ட நம்முடையவைதான். அவர்களுடைய ‘ர’வும் நம் ‘ர’வுக்குப் பக்கத்தில் வரும்.

சிக்கல் வல்லினத்தில். ‘அருகோ’ என்று எழுதினால் நம் நாக்கு தானாகவே ககரத்தைக் குழைத்துவிடும். அங்கே தேவை ‘பக்கம்’ என்பதில் வரும் அழுத்தமான ‘க’. ‘முயிதெ’யில் உள்ள ‘தெ’யும் அப்படியே. சரி, அழுத்தம் வேண்டும் என்று ‘அருக்கோ’ என்று எழுதினால் ஒரு எண்ணிக்கை கூடிப் பாட்டு பிந்திவிடும். எனவே ஒற்றெழுத்தைச் சேர்க்காமல், அழுத்திச் சொல்ல வேண்டிய எழுத்தின் கீழே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு இருந்தால் வன்மை, இல்லாவிட்டால் மென்மை. சொல்லின் நடுவே மென்மையாக வரும் ‘க’வைப் பழைய பாடகர்கள் மூக்கொலியாக, நம் ‘ங’வைப் போலவே பாடுவார்கள். நமக்கு அது இயல்பாக வரும், தாராளமாகச் செய்யுங்கள்.

‘ஃபு’வுக்குப் பல்லை உதட்டில் வைக்காமல், மெழுகுவத்தியை ஊதுகிற அளவுக்கு மெல்லக் காற்றை விட்டால் போதும்.

படி 3: பாடுவதற்கு முன் தட்டுங்கள்

மெட்டை விட்டுவிட்டு, தொடையில் தட்டியபடி வரிகளைச் சொல்லிப் பழகுங்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்ற நம் மாத்திரைக் கணக்கே இங்கேயும். வேறுபாடு ஒற்றெழுத்தில்தான். தமிழில் மெய்க்கு அரை மாத்திரை; ஜப்பானிய மொழியில் அதற்கும் முழுசாக ஒன்று. ‘நிப்பொன்’ நமக்கு மூன்று மாத்திரை, அவர்களுக்கு நி, ப், பொ, ன் என்று நான்கு. மெதுவான பாட்டில் அந்த ‘ன்’னுக்கு மட்டும் தனியாக ஒரு சுரம் கிடைப்பது சாதாரணம். வெளிநாட்டவர் பாடும்போது திரையில் நிறம் மாறும் எழுத்துக்கு முன்னாலேயே ஓடிவிடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். உச்சரிப்பு கொஞ்சம் பிசகினால் யாரும் கண்டுகொள்வதில்லை, தாளம் தவறினால் கூடப் பாடுபவர்கள் நின்றுவிடுவார்கள்.

எங்கே மூச்சு எடுப்பது என்பதையும் இப்போதே குறித்துவிடுங்கள். சொல்லின் நடுவில் வெட்டினால் பொருள் தெரிந்தவர்களுக்கு உறுத்தும்.

படி 4: எங்கே அடக்குவது, எங்கே திறப்பது

அங்கே பாட்டைப் பிரித்துப் பேசும் முறை இது: தொடக்கம் ஏ மெலொ, அடுத்து பி மெலொ, பிறகு ஸபி. ஸபி என்பது எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கும் பகுதி. ஏ மெலொவைப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற அளவிலேயே பாடுங்கள். பி மெலொவில் குரலைக் கூட்டாமல் சொற்களை இன்னும் தெளிவாக்குங்கள். ஸபியில் திறக்கலாம், ஆனால் முதல் ஸபியில் முழுசாக வேண்டாம். கடைசி ஸபிக்கு ஏதாவது மிச்சம் வேண்டும்.

கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கமகத்தை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். என்கா என்ற பழைய பாணியில் கொபுஷி என்று ஒரு குரல் சுழிப்பு உண்டு, அங்கே நம் பயிற்சி கைகொடுக்கும். பாலட்டில் சுரத்தை நேராகப் பிடித்து, நீளமாக நிற்கும் சுரத்தின் கடைசியில் மட்டும் மெல்லிய நடுக்கம் போதும். கீழிருந்து சுரத்துக்கு வழுக்கி ஏறுவதை ஷகுரி என்பார்கள். ஒரு பாட்டில் ஓரிரு இடத்தில் நன்றாக இருக்கும், எல்லா வரியிலும் வந்தால் அழுகிற குரலாகிவிடும்.

படி 5: கீயை (பாட்டின் சுருதியை) மாற்றுங்கள்

கோபே நகர மதுக்கூடங்களில் வாசித்துக்கொண்டிருந்த இனோவே தாய்சுகேயிடம் ஒரு வாடிக்கையாளர், தன் பயணத்துக்குக் கூட வந்து வாசிக்கச் சொன்னார். அவருடைய பாட்டுக்கு இனோவேயின் வாசிப்புதான் ஒத்துவந்தது. போக முடியாததால் வாசிப்பைப் பதிவு செய்து கொடுத்தார் இனோவே. அதிலிருந்து வளர்ந்ததுதான் 1971இல் அவர் வாடகைக்கு விட்ட கரோக்கே இயந்திரம். பாடுபவரின் குரலுக்கு இசை வளைந்து கொடுப்பது இந்தக் கலையின் பிறப்பிலேயே இருக்கிறது. ஆகவே கீயைக் குறைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தேடும் கருவியில் கீக்குக் கூட்டல், கழித்தல் பொத்தான்கள் இருக்கும். ஒரு அழுத்தம் அரைச் சுரம். ஸபியின் உச்ச சுரத்தை முதலில் பாடிப் பாருங்கள். கத்தாமல் வரும்வரை இறக்குங்கள். ஆண்கள் பெண்கள் பாடியதைப் பாடும்போது நாலைந்து அழுத்தம் வரை போக வேண்டியிருக்கும். எதிரொலியையும் கொஞ்சம் குறையுங்கள். அது அதிகமானால் மெல்லப் பாடும் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

படி 6: அறைக்குள்

முதலில் தனியாக ஒரு மணி நேரம் போய்விட்டு வாருங்கள். தனியாகப் பாட வருவது அங்கே சர்வசாதாரணம், அதற்கு ஹிதொகரா என்று பெயர். மதிப்பெண் முறையைப் போட்டுக்கொண்டால் ஒவ்வொரு சுரத்தின் உயரமும் நீளமும் திரையில் கோடுகளாக வரும். பயிற்சிக்கு அதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. கூட்டத்தோடு போகும்போது, குறிப்பாக ‘நதா ஸோஸோ’ மாதிரி பாட்டு பாடும்போது, மதிப்பெண்ணை அணைத்துவிடுங்கள். அப்படியொரு பாட்டு முடிந்த கையோடு திரையில் 82 என்று வருவது எனக்குப் பிடிப்பதில்லை.

தொடக்கத்திலேயே சோகப் பாட்டைப் போட வேண்டாம். இரண்டு மூன்று வேகப் பாட்டுகள் போகட்டும். உங்கள் முறை வந்ததும் மைக்கின் வலைத்தலையை மூடிப் பிடிக்காமல் தண்டைப் பிடியுங்கள், ஒலிபெருக்கிக்கு நேரே நீட்டாதீர்கள். யாராவது கூடப் பாடினால் இரண்டாவது மைக்கை அவரிடம் கொடுத்துவிடுங்கள். ‘உஎ ஓ முயிதெ அருகோ’வில் சீட்டி வரும் இடத்தில் உங்களுக்குச் சீட்டியடிக்கத் தெரியாவிட்டால் முனகினால் போதும், அறையில் தெரிந்தவர் ஒருவர் நிச்சயம் தொடருவார்.

நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் பல கடைகளில் அறைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்வார்கள். நீட்டிக்கப் போவதில்லை என்றால் இன்னும் இரண்டு பாட்டுக்குத்தான் இடம் இருக்கும். நீங்கள் தயார் செய்த பாட்டை அதற்கு முன்பே வரிசையில் சேர்த்துவிடுங்கள்.