ரசாயனமில்லாக் கீரை, காய்கறிப் பண்ணை: தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அரை ஏக்கரிலோ ஒரு ஏக்கரிலோ ரசாயனம் இல்லாமல் கீரையும் காய்கறியும் விளைவித்து, பக்கத்து ஊர்களிலேயே விற்க முன்வருவோரைப் பரவலாகக் காண முடிகிறது. அவர்களில் சிலர் நடுவில் கைவிடும்போது பூச்சியின் மேல் பழி போட்டாலும், விதைப்பதற்கு முன்பே நடந்துவிட்ட தவறுகள்தான் பெரும்பாலும் காரணம் என்று நான் கருதுகிறேன்.

யூரியாவையும் பூச்சிமருந்தையும் நிறுத்திய அன்றே நிலம் இயற்கை வேளாண்மைக்கு மாறிவிட்டதாக நினைப்பதே அவற்றுள் பெரிய தவறு. இப்பகுதியின் செம்மண்ணில் மட்கு குறைவு. பல ஆண்டுகளாக உரத்தையே நம்பி விளைந்த மண்ணுக்கு, உரத்தை நிறுத்தியதும் பயிரைத் தாங்கும் வலு இருப்பதில்லை. ஆகவே முதலில், பல வகைத் தானியங்களையும் பயறுகளையும் கலந்து விதைக்கும் பலதானிய விதைப்போ, பசுந்தாள் உரப் பயிர்களான சணப்பையோ தக்கைப்பூண்டோ போட்டு, பூக்கும் தறுவாயில், ஏறத்தாழ 45 நாளில், மடக்கி உழ வேண்டும். வருமானம் நின்றுவிடும் என்று அஞ்சுவோர் நிலத்தை நான்கு பாகமாகப் பிரித்து ஒவ்வொன்றாக மாற்றலாம். முழு நிலத்தையும் ஒரே பருவத்தில் மாற்றுவதைவிட இதுவே கைமுதல் குறைந்தவர்களுக்கு ஏற்றது.

சாணம் இயற்கையானது என்பதற்காகப் பச்சையாகவே வயலில் கொட்டுவதும் கூடாது. மட்காத சாணம் கரையானையும் வேர்ப்புழுவையும் வரவழைப்பதோடு களை விதைகளையும் உயிருடன் கொண்டுவந்து சேர்க்கும். அதைவிடக் கவலைக்குரியது, அதிலுள்ள நோய்க்கிருமிகள் கீரையில் ஒட்டிக்கொள்வது. கொத்தமல்லியையும் புதினாவையும் நம் வீடுகளில் வேகவைக்காமலே துவையலுக்கு அரைக்கிறோம் என்பதை விளைவிப்பவர் மறக்கலாகாது. நன்கு மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோதான் கீரைப்பாத்திக்கு உகந்தது.

கரைசல்களைப் பற்றியும் தெளிவு வேண்டும். சாணம், கோமியம், பால், தயிர், நெய் முதலியவற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் பஞ்சகவ்யா 3 சதவீதக் கரைசலாக, அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி என்ற அளவில் தெளிக்கப்படும் வளர்ச்சி ஊக்கி; அது தொழுவுரத்துக்கும் மாற்றாகாது, எல்லாப் பூச்சிக்கும் மருந்துமாகாது. வேப்பங்கொட்டைப் பருப்பை 100 லிட்டருக்கு 5 கிலோ என்ற கணக்கில் இடித்து ஊறவைத்து வடிகட்டும் கரைசலை அன்றன்றைக்குத் தயாரித்து மாலையில் தெளிக்க வேண்டும், ஏனெனில் வெயில் பட்டால் அதன் வீரியம் விரைவில் குறைந்துவிடும். ஆனி, ஆடியில் உதிரும் வேப்பம்பழங்களைப் பொறுக்கி நிழலில் உலர்த்தி வைக்காதவர், பூச்சி வந்த பிறகு கடையை நம்பி நிற்க நேரும். பக்கத்து வயல்காரரின் தெளிப்பானை இரவல் வாங்கிப் பயன்படுத்துவதையும் தவிர்க்க வேண்டும். அதில் தங்கியிருக்கும் ரசாயனம் அத்தனை உழைப்பையும் பாழாக்கிவிடும்.

விற்பனையை நினைக்காமல் விதைப்பது அடுத்த தவறு. ஏறத்தாழ 25 நாளில் பறிப்புக்கு வரும் சிறுகீரையை ஒரே நாளில் எல்லாப் பாத்தியிலும் விதைத்தால், சில நாட்களில் எல்லாக் கட்டுகளையும் விற்றாக வேண்டும். பிறகு பல வாரம் வாடிக்கையாளரிடம் வெறுங்கையோடு நிற்க வேண்டும். வாரம் ஒரு பாத்தி என்று விதைத்தால்தான் வாரந்தோறும் கூடை நிறையும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குளிர்ச்சியில் நன்றாக வரும் கொத்தமல்லி, அரூர், தருமபுரிப் பக்கத்துச் சித்திரை வெயிலில் தழைக்காமல் சீக்கிரமே பூத்துவிடும் என்பதால், ஓசூர்ப் பக்கத்தவரின் விதைப்பு நாட்களை அரூர்ப் பக்கத்தவர் அப்படியே பின்பற்றக் கூடாது. தக்காளியை நம்பி நிலம் முழுவதையும் கொடுப்பதும் ஆபத்து: பாலக்கோடு, ராயக்கோட்டைப் பகுதிகளில் வரத்து பெருகும் நாட்களில் பறிப்புக் கூலிகூடத் தேறாத விலைக்குச் சிறு விவசாயி ஈடுகொடுக்க முடியாது.

ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. சொட்டுநீர்க் குழாயில் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். பீன்ஸ் உப்பைத் தாங்காது, பாலக்கும் பீட்ரூட்டும் ஓரளவு தாங்கும். பயிரைத் தேர்ந்தெடுக்கும் முன் மண்ணையும் நீரையும் பரிசோதித்து, பாப்பாரப்பட்டி அல்லது எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை பெறுவது நல்லது.

விற்கும்போது சொல்லும் சொல்லிலும் கவனம் தேவை. தேசிய அங்கக (இயற்கை வேளாண்) சான்றளிப்பு முறையில் ஓராண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டும், பல்லாண்டுப் பயிர்களுக்கு அறுவடைக்கு முன் மூன்று ஆண்டும் மாறுதல் காலமாகக் கொள்ளப்படுகிறது. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்கு மிகாத சிறு உற்பத்தியாளர் நுகர்வோரிடம் நேரடியாக விற்கும்போது சான்றிதழ் கட்டாயமில்லை என்றாலும், சான்றில்லாமல், அங்கக உணவுக்கான அரசு முத்திரையான ஜைவிக் பாரத் முத்திரையை இடக் கூடாது. உழவர் சந்தையில் கடை வேண்டுமானால் உழவர் அடையாள அட்டைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். மாறுதல் காலத்தில் இருப்பவர் அதையே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடலாம். எந்தப் பாத்தியில் என்றைக்கு எதை இட்டோம், எதைத் தெளித்தோம் என்று முதல் நாளிலிருந்தே ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தால், கேட்பவருக்குக் காட்டவும் பின்னாளில், விவசாயிகளே ஒருவர் வயலை ஒருவர் பார்வையிட்டு உறுதியளிக்கும் பங்கேற்பு உத்தரவாதக் குழுவில் சேரவும் அதுவே உதவும்.