மகசூலை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயற்கை வேளாண்மை, மண்ணில்லாமல் சத்துக் கரைசலில் பயிர் வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ், ரசாயன உரமிடும் வழக்கமான சாகுபடி ஆகிய மூன்றில் எதில் மகசூல் அதிகம் என்று சேலம் வட்டாரத்தில் பலரும் கேட்கிறார்கள். எந்தப் பயிருக்கு, எந்த அளவுகோலில் என்று சொல்லாமல் கேட்பதுதான் முதல் தவறு.

அமெரிக்காவின் அரிசோனாவில் லெட்டூஸ் கீரையை வைத்து 2015-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டரில் ஹைட்ரோபோனிக்ஸ் முறை சுமார் 41 கிலோவும், வயல் சாகுபடி சுமார் 3.9 கிலோவும் தரும் என்று கணக்கிட்டது. ஒரு கிலோ கீரைக்கு வயலில் 250 லிட்டர் நீர் தேவைப்பட, ஹைட்ரோபோனிக்ஸில் 20 லிட்டரே போதுமானதாக இருந்தது. விற்பனையாளர்கள் இந்த இரண்டு எண்களையும் சொல்லிவிட்டு, அதே ஆய்வு தரும் மூன்றாவது எண்ணை விட்டுவிடுகிறார்கள்: கிலோவுக்கு 90,000 கிலோஜூல் ஆற்றல், அதாவது சுமார் 25 யூனிட் மின்சாரம். வயலுக்கு அது 1,100 கிலோஜூல் மட்டுமே. அந்தச் செலவில் பெரும்பகுதி கூடாரத்தைச் சூடாக்கவும் குளிர்விக்கவுமே போகிறது. எனவே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் ஒருவர் கீரை வளர்க்கும் கணக்கை, சித்திரை வெயிலில் கீழே சமவெளியில் ஓமலூரில் கூடாரம் போடுபவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கரைசல் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்து, வேரழுகல் எளிதில் பற்றிக்கொள்ளும்.

தண்ணீரைச் சோதிக்காமல் உரம் கலப்பதும் இங்கே அடிக்கடி நேரும் பிழை. சேலத்தை ஒட்டிய வெள்ளைக்கல் பகுதி மேக்னசைட் என்னும் மக்னீசியத் தாது மிகுந்தது. ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருந்தால், கரைசலின் கார அமிலத்தன்மையை (pH) 5.5 முதல் 6.5 வரை நிறுத்திவைப்பது அன்றாடப் போராட்டமாகிவிடும்.

இயற்கை முறையை முதல் ஆண்டு விளைச்சலை வைத்தே தீர்ப்பளிப்பதும் சரியன்று. நம் நாட்டின் தேசிய அங்கக (இயற்கை வேளாண்மை) சான்றளிப்பு விதிகளே ஓராண்டுப் பயிர்களுக்கு 2 ஆண்டுகளும், பல்லாண்டுப் பயிர்களுக்கு 3 ஆண்டுகளும் மாறுதல் காலம் என்று வைத்திருக்கின்றன. அதே வேளையில், மகசூல் குறையவே குறையாது என்று வாக்களிப்பவர்களையும் நான் நம்புவதில்லை. 2012-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது வழக்கமான முறையைவிடச் சராசரியாக 25 சதவீதம் குறைவு என்றும், பயிரையும் சூழலையும் பொறுத்து அது 5 முதல் 34 சதவீதம் வரை மாறுகிறது என்றும் தெரியவந்தது. காரணம் பெரும்பாலும் தழைச்சத்துதான் (நைட்ரஜன்). 217 கிலோ யூரியா தரும் 100 கிலோ தழைச்சத்தைத் தொழுவுரத்தில் பெற, அதில் அரை சதவீதம் சத்து இருப்பதாகக் கொண்டால், 20 டன் வேண்டும். அந்த 20 டன்னுக்கு ஈடாகப் பஞ்சகவ்யத்தைத் தெளித்தால் போதும் என்று எண்ணுவது கணக்குக்கு ஒவ்வாது.

சேர்வராயன் மலைத் தோட்டங்களில் தவறு வேறு விதமானது. நிழல் மரமான சில்வர் ஓக்கில் மிளகுக் கொடியும் அதன் கீழே காப்பியும் நிற்கையில், காப்பியை மட்டும் எடை போட்டு விளைச்சல் குறைவு என்று சொல்லிவிடுகிறார்கள்.

வழக்கமான சாகுபடியிலும் குறைகள் உண்டு. இறவை மரவள்ளிக்கு, அதாவது குச்சிக்கிழங்குக்கு, ஹெக்டேருக்குத் தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகள் 90:90:240 கிலோ என்பது பரிந்துரை. சாம்பல் சத்தைக் குறைத்து யூரியாவை அள்ளிப் போட்டால் செடி கொழுக்கும், கிழங்கு பெருக்காது. மாவுப்பூச்சியைக் கண்டதும் கண்மூடி மருந்தடிப்பதும் கூடாது. அதைக் கட்டுப்படுத்த ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து தருவிக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவி 2022-இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது. நாம் அடிக்கும் மருந்தில் முதலில் சாவது அந்தக் குளவியாக இருக்கலாம்.

கடைசியாக, குச்சிக்கிழங்கை டன் கணக்கில் மட்டும் ஒப்பிடாதீர்கள். ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று காட்டும் பாயிண்டைப் பார்த்தே விலை வைக்கின்றன. எடை கூடிப் பாயிண்ட் இறங்கிய வயலை எந்த முறையின் வெற்றிக்கும் சான்றாகக் காட்ட முடியாது.