சின்ன கேமராவுக்கு டெலி கன்வெர்ட்டர்

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பூநாரைகளைச் சிறிய டிஜிட்டல் கேமராவில் எடுத்தால், படத்தில் வெள்ளைப் புள்ளிகள்தான் மிஞ்சும். லென்ஸைக் கழற்ற முடியாத கேமராவுக்கு முன்னால் பொருத்தும், தூரத்துக் காட்சியைப் பெரிதாக்கும் துணை லென்ஸான டெலி கன்வெர்ட்டர் இங்கே கைகொடுக்கும். 105 மி.மீ. குவியத் தூரம் (இது கூடக்கூடக் காட்சி பெரிதாகும்) வரை எட்டும் ஜூம், 1.7 மடங்கு கன்வெர்ட்டருடன் ஏறக்குறைய 180 மி.மீ. ஆகிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது பொருத்தும் வழி. பல கேமராக்களின் லென்ஸில் மரையே கிடையாது. கன்வெர்ட்டரைக் கேமராவோடு இணைக்க அந்த மாடலுக்கென்று அடாப்டர் குழாய் இருக்கிறதா, அதன் மரை எத்தனை மி.மீ. என்று தெரியாமல் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். குழாய் கேமரா உடலில் மாட்டுவதாக இருப்பது நல்லது. கனமான கண்ணாடி முழுவதும் நகரும் லென்ஸின் மீது தொங்கினால், ஜூம் மோட்டார் பாவம்.

அண்ணா சாலைக் கடைக்குப் போனால் உங்கள் கேமராவையும் எடுத்துச் செல்லுங்கள். கன்வெர்ட்டரை மாட்டி, ஜூமை முழுவதும் நீட்டி, எதிர்ப்பக்கத்துப் பெயர்ப்பலகையைப் படமெடுங்கள். ஓர எழுத்துகள் கரைந்தாலோ, ஊதா விளிம்பு கட்டினாலோ திருப்பிக் கொடுத்துவிடலாம். ஜூமைக் குறைத்தால் மூலைகள் கறுப்பது சகஜம், அது குறையல்ல. '3 மடங்கு, 5 மடங்கு' என்று மலிவாக வருபவை பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்கும். 1.5 முதல் 2 வரை போதும் என்பது என் கருத்து.

பறவைக்குப் போகும்போது முக்காலியை மறக்க வேண்டாம். கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும்.