கார்த்திகையில் பயிற்சி, சித்திரையில் பூ: கள ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் சிறுதொழில், தொழிற்பயிற்சி, ஊரக வளர்ச்சி என்று ஆய்வுக்கு வரும் மாணவர்களின் வரைவுகளை வருஷாவருஷம் படிக்கிறேன். எங்கள் காலத்தில் நாங்கள் சறுக்கிய இடத்திலேயே இவர்களும் சறுக்குகிறார்கள். எழுத்துப்பிழை, மேற்கோள் வடிவம் போன்றவற்றை கைடு பார்த்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன்.

முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை அளந்தால் போதும் என்று நினைப்பது

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது.

மல்லிகை விவசாயிகளுக்குப் பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் கடைசியில்தான் கவாத்து (செடியின் கிளைகளை வெட்டிவிடுவது) என்பதால் பயிற்சியும் கார்த்திகையில் நடக்கும். அப்போது ஒரு கணக்கெடுப்பு: தினமும் எத்தனை கிலோ பூ எடுக்கிறீர்கள்? சித்திரையில் போய் அதே கேள்வி. பூ பல மடங்கு கூடியிருக்கும். இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையில் பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்துவிடும், அதாவது வித்தியாசம் வெறும் தற்செயல் இல்லை என்று கணக்கு சொல்லிவிடும். பயிற்சி வெற்றி என்று எழுதிவிடுகிறார்கள்.

பூப்பறிக்க வரும் எந்த அக்காவைக் கேட்டாலும் சொல்வார்: பனியில் செடி பூக்காது, வெயில் ஏறினால் கொட்டும். வருமானத்தை அளந்தால் கூத்து வேறு மாதிரி. மார்கழியில் கல்யாணம் கிடையாது. தை பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசைகட்டும், வரத்தோ குறைவு, விலை எகிறும். ஆக, மாதத்தைப் பார்த்துப் பொறுக்கினால் எந்தப் பயிற்சியையும் வெற்றி என்றும் காட்டலாம், தோல்வி என்றும் காட்டலாம்.

ஒரு மாணவரின் வைவாவில் (ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு) தேர்வாளர் கேட்டது ஒரே கேள்வி: "பயிற்சிக்கு வராதவங்க தோட்டத்துல என்னப்பா ஆச்சு?" பதில் இல்லை. புள்ளியியலில் தப்பு இருந்தால் ராத்திரி உட்கார்ந்து திருத்திவிடலாம். எடுக்காமல் விட்ட முந்தைய அளவை எங்கே போய் வாங்குவது? அடுத்த கவாத்து வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

அதனால் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே, இடம் கிடைக்காமல் அடுத்த அணிக்குக் காத்திருப்பவர்களின் பெயர்ப்பட்டியலை வாங்குங்கள். அவர்களையும் அதே வாரத்தில் அளந்துவிடுங்கள். சும்மா ஊரில் இருக்கும் யாரையாவது ஒப்பிடாதீர்கள். பயிற்சிக்குப் பெயர் கொடுப்பவர் ஏற்கெனவே கொஞ்சம் முனைப்பானவர். அப்புறம், 'போன சித்திரையில் எவ்வளவு' என்று ஞாபகத்திலிருந்து கேட்பதைவிட, கமிஷன் கடைச் சீட்டுகளைக் கேளுங்கள். எடையும் விலையும் தேதியோடு இருக்கும். பல வீடுகளில் ஒரு மஞ்சப்பையில் கட்டி ஆணியில் மாட்டியிருப்பார்கள்.

ஐந்து கட்டக் கேள்வித்தாளோடு காலையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போவது

பூ வாடுவதற்குள் விற்றாக வேண்டிய ஆளிடம் 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் ஐந்து கட்டம் நீட்டினால், "உங்களுக்கு எது தோதோ அதப் போட்டுக்கங்க தம்பி" என்பார். அந்தத் தாள் முழுக்க நான்காவது கட்டத்தில்தான் டிக் இருக்கும். மத்தியானத்துக்கு மேல் போங்கள். கருத்தைக் கேட்காதீர்கள், நேற்று என்ன செய்தார் என்று கேளுங்கள்.

384 பேர்

இத்தனை பேரைக் கேட்டால் போதும் என்று பல வரைவுகளில் வரும் எண் இது. ஆட்களைக் குலுக்கல்போலத் தேர்ந்தெடுக்கும் சீரற்ற மாதிரிக்கான எண் அது. தெரிந்த கடைகளில் 384 தாள் நிரப்பினால் அந்தக் கணக்கு பொருந்தாது.

காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் கட்டுரை வெளியிடும் ஆய்விதழ்

வேண்டாம்.

வரையறை மாறியதைக் கவனிக்காமல் 'வளர்ச்சி' என்று எழுதுவது

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006 சட்டப்படி, உற்பத்தியில் 25 லட்சம் ரூபாய் வரை இயந்திர முதலீடு இருந்தால் குறு நிறுவனம். 2020 ஜூலையில் அது 1 கோடி முதலீடு, 5 கோடி விற்றுமுதல் என்றானது. 2025 ஏப்ரலில் 2.5 கோடி, 10 கோடி. கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை புது இயந்திரம் எதுவுமே வாங்காமல் 'சிறு'விலிருந்து 'குறு'வுக்கு இறங்கியிருக்கலாம். போதாததற்கு, 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரிகளும் இந்த நிறுவனங்களுக்கான அரசுப் பதிவுத் தளமான உத்யமில் பதியலாம் என்று வந்தது. அந்த வருஷம் பதிவு எண்ணிக்கை ஏறியதைப் பார்த்துத் தொழில்முனைவு பெருகிவிட்டதாக ஒரு அத்தியாயமே எழுதுகிறார்கள். அட்டவணையின் தலைப்பிலேயே எந்த வருஷத்து வரையறை என்று போட்டுவிடுங்கள். வியாபாரக் கடைகளுக்குத் தனி வரிசை கொடுங்கள்.