சட்டப் பட்டம் முடித்தவர்கள் மனித உரிமை ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிப்பது எப்படி

ஃபெலோஷிப் என்பது, குறிப்பிட்ட காலம் இத்துறையில் வேலை செய்ய உதவித்தொகை தரும் திட்டம். அதன் அறிவித்தலில் முதலில் தகைமைப் பந்தியை வாசியுங்கள். யேல் சட்டக் கல்லூரியின் பேர்ன்ஸ்டைன் ஃபெலோஷிப் அங்கு படித்தவர்களுக்கு மட்டும் உரியது. ஹார்வர்டின் சாட்டர் ஃபெலோஷிப்பும் அப்படித்தான். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ திறந்த பல்கலைக்கழகத்திலோ எல்எல்பி முடித்த ஒருவர் இவற்றுக்காக ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. கொலம்பியா பல்கலைக்கழகம் 1989இல் தொடங்கிய மனித உரிமைச் செயற்பாட்டாளர் திட்டம், ஏற்கெனவே களத்தில் வேலை செய்கிறவர்களுக்கானது. ஐ.நா. மனித உரிமை உயர்ஸ்தானிகர் அலுவலகம் 2005 முதல் ஜெனீவாவில் நடத்தும் சிறுபான்மையினர் ஃபெலோஷிப், வடக்கு கிழக்குத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் கவனிக்க வேண்டியது. அதற்கும் சமூகத்தோடு வேலை செய்த அனுபவமும் அதை உறுதிப்படுத்தும் கடிதமும் தேவை.

ஆகவே எங்கள் ஆலோசனை: பட்டம் கிடைத்த முதல் வருடத்தைக் கொழும்பிலேயே, வழக்கும் ஆவணப்படுத்தலும் செய்யும் ஓர் அமைப்பில் கழியுங்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் போன்ற இடங்களில் ஆய்வு உதவியாளராகச் சேரலாம். அடிப்படை உரிமை வழக்குகள் நடத்தும் சீனியர் சட்டத்தரணி ஒருவரிடம் சேர்வதும் நல்லது. நீதிமன்ற அமர்வுகளைப் பொதுமக்களும் பார்க்கலாம் என்று அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை சொல்கிறது. கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போய் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள்.

உங்கள் தகுதியை விண்ணப்பத்தில் சரியாகச் சொல்லுங்கள். எல்எல்பி இருந்தும் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்யாதவர் சட்டத்தரணி அல்ல. அப்படிப்பட்டவர் "வழக்கில் ஆஜராவேன்" என்று திட்டத்தில் எழுதினால், தேர்வுக் குழுவில் இலங்கைச் சட்டம் தெரிந்த ஒருவர் இருந்தாலே போதும், விண்ணப்பம் அதோடு நின்றுவிடும். சட்டத்தரணியாவதற்கான பயிலுநர் காலம் பாதியில் இருந்தால், ஃபெலோஷிப் தொடங்கும் திகதி அதோடு மோதுகிறதா என்றும் பாருங்கள்.

அதிகமானோர் தோற்பது திட்ட முன்மொழிவில். "தமிழ் மக்களின் நீதிக்கான அணுகலை மேம்படுத்தல்" என்று எழுதினால் அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஒரு வகை வழக்கு, ஒரு மாவட்டம், 12 மாதம் என்று குறுக்குங்கள். ஓர் உதாரணம்: அடிப்படை உரிமை மனுவை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த நீதிமன்றம் கொழும்பில் மட்டும்தான் இருக்கிறது. மட்டக்களப்பில் பொலிஸாரால் தாக்கப்பட்டவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, சட்டத்தரணியைத் தேடி, காசு புரட்டுவதற்குள் அந்த மாதம் போய்விடும். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இங்கே கைகொடுக்கிறது: ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. இந்த ஓர் ஓட்டையை அடைப்பதே ஒரு வருடத்துக்குப் போதுமான திட்டம். முதல் 3 மாதம் கோப்புகளைப் படித்து, எங்கே காலம் தவறியது என்று பட்டியலிடுங்கள். அடுத்த 6 மாதம் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டிய ஆவணங்களைத் தமிழில் விளக்கும் கையேட்டைத் தயாரித்து, கிராம மட்டத்தில் பயிற்சி கொடுங்கள். கடைசி 3 மாதம் பலனை எண்ணி எழுதுங்கள். இதற்குப் பொறுப்பேற்கும் அமைப்பின் கடிதத்தில் மேசை, மேற்பார்வையாளர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பவை இருக்க வேண்டும். வெறும் வாழ்த்துக் கடிதத்துக்கு மதிப்பில்லை.

தமிழில் வாக்குமூலம் எடுக்கவும் வாசிக்கவும் தெரிவது பெரிய பலம். அதைத் தெளிவாக எழுதுங்கள். சிங்களம் எந்த அளவு தெரியும் என்பதையும் மறைக்காதீர்கள். பொலிஸ் குறிப்புகள் பெரும்பாலும் அந்த மொழியில்தான் வரும்.

எழுத்து மாதிரிக்கு ஆய்வேட்டை முழுதாக அனுப்ப வேண்டாம். அதில் மிக வலுவான 10 பக்கத்தை எடுத்து, மேலே மூன்று வரி விளக்கம் போடுங்கள். சீனியர் திருத்திய மனுவை உங்கள் சொந்த எழுத்தாகக் காட்டக் கூடாது. வழக்கு ஆவணம் அனுப்புவதென்றால் அவருடைய அனுமதியும் வேண்டும், கட்சிக்காரரின் சம்மதமும் வேண்டும். பெயரை மட்டும் அழித்தால் போதாது. ஊர், கைதான திகதி, பிள்ளைகளின் எண்ணிக்கை மூன்றும் சேர்ந்தால், சிறிய கிராமத்தில் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் தாய் உங்களை நம்பிச் சொன்னதை, உங்கள் விண்ணப்பம் அழகாக வரவேண்டும் என்பதற்காக வெளியே விடாதீர்கள்.

பரிந்துரைக் கடிதத்தை 6 வாரம் முன்னரே கேளுங்கள். கேட்கும்போதே நீங்கள் அவருடன் செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் "ஒழுக்கமான மாணவர்" என்ற கடிதம்தான் வரும்.

நம்மவர்கள் மாட்டுப்படும் இன்னொரு இடம் பெயர். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பன் பெயர் முன்னால், பட்டச் சான்றிதழில் வெறும் முதலெழுத்து, கடவுச்சீட்டில் வேறு எழுத்துக்கூட்டல் என்று இருக்கும். எல்லாம் ஒரே ஆளைக் குறிப்பவை என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் படிவங்களிலும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே பாவியுங்கள். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு 2 வருடத்துக்குத்தான் செல்லும், எனவே அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்.

பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். உதவித்தொகை மாதாமாதம் வருமா, தவணையாக வருமா? ஊழியராகக் கணிக்கப்படுவீர்களா? ஆம் என்றால் உங்கள் பங்கு 8 வீதமும் அமைப்பின் பங்கு 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போக வேண்டும். கையில் கிடைக்கும் தொகை அதனால் குறையும்.

கடைசி நேரத்தைக் கொழும்பு நேரத்துக்கு மாற்றிக் குறித்து வையுங்கள். நியூயோர்க்கில் இரவு 11.59 என்றால் இங்கே மறுநாள் காலை, அங்கே கோடை நேரமானால் 9.29, இல்லாவிட்டால் 10.29. ஜெனீவா நள்ளிரவு நமக்கு விடியற்காலை 3.30 அல்லது 4.30. எதுவானாலும் இரண்டு நாள் முன்னரே அனுப்புங்கள். சீனியரின் கடிதம் இணையப் படிவத்தில் ஏறிவிட்டதா என்று பார்த்து, ஏறாவிட்டால் புதுக்கடைக்கு நேரில் போய்க் கேட்க அந்த இரண்டு நாளும் வேண்டும்.