தேற்றுவதற்கு முன் கேளுங்கள்: கடும் நோயாளிகளுக்கான மனநல ஆலோசனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் ஒருவருக்குப் புற்றுநோயோ சிறுநீரகச் செயலிழப்போ உறுதியானால், எங்கே காட்டுவது என்ற பேச்சு அன்றைக்கே தொடங்கிவிடும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியா, நெய்யூர் மிஷன் மருத்துவமனையா, எல்லை தாண்டித் திருவனந்தபுரத்தில் ஆர்.சி.சி. என்னும் மண்டலப் புற்றுநோய் மையமா என்று வளைகுடாவில் இருக்கும் மகன் வரை எல்லோரும் கருத்துச் சொல்வார்கள். இன்னொரு முடிவை மட்டும் யாரும் கூடிப் பேசாமலே எடுத்துவிடுகிறார்கள்: நோயாளியிடம் எதுவும் சொல்லக் கூடாது. மனநல ஆலோசனை தடம் மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அன்பினால்தான் மறைக்கிறார்கள். ஆனால் மறைத்தது மறைந்து நிற்பதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தன் கையில் இருக்கும் ஃபைலை நோயாளியே படித்துவிடுகிறார். அதைப் படிக்காவிட்டாலும் மருத்துவமனையின் பெயர்ப் பலகை சொல்லிவிடும், கீமோ வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் சொல்லிவிடுவார். பிறகு, பிள்ளைகள் வருந்துவார்களே என்று அவரும் தெரியாததுபோல் இருக்கத் தொடங்குகிறார். ஒரே வீட்டுக்குள் எல்லோரும் ஒருவருக்கொருவர் நடித்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தனியாக அழுகிறார்கள். சொத்தை எழுதி வைப்பது, மகளின் திருமணம், பேசாமல் விட்டுப்போன தம்பியைக் கூப்பிடுவது என்று அவர் செய்ய விரும்பிய காரியங்களுக்கான நாட்களும் இதற்குள் கழிந்துவிடுகின்றன.

"டாக்டர், அம்மாவிடம் நோயின் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள், கொஞ்சம் தைரியம் கொடுங்கள்" என்று குடும்பம் ஆலோசகரைத் தனியே அழைத்துக் கேட்கும்போது, சரி என்று தலையாட்டுவது பெரிய பிழை. அதற்காக உண்மை முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டிவிடுவதும் சரியல்ல. "உங்கள் உடம்புக்கு என்ன ஆகியிருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம்?" என்று நோயாளியிடமே கேட்கலாம். எல்லாவற்றையும் அறிய விரும்புபவரும் உண்டு, "மகனிடம் சொல்லுங்கள், எனக்கு வேண்டாம்" என்பவரும் உண்டு. இரண்டுமே அவருடைய உரிமை. குடும்பத்திடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நானாகப் போய் எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் என்னிடம் நேராகக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்."

அடுத்தது, தைரியம் சொல்லும் அவசரம். நோய் விசாரிக்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸையும் ஆரஞ்சையும் வைத்துவிட்டு, "ஒன்றும் ஆகாது, தைரியமாக இருங்கள்" என்கிறார்கள். விசாரிக்க வந்தவர் அப்படிச் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆலோசகர் சொல்லக் கூடாது. "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று வாய்திறந்தவரிடம் "பயப்படாதீர்கள்" என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "எதை நினைத்தால் அதிகம் பயம் வருகிறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். சாவை நினைத்து என்று நாம் எதிர்பார்த்திருப்போம். ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி, வட்டிக்கு வாங்கிய பணத்தைப் பற்றிச் சொல்லக்கூடும். மார்பகம் அகற்றப்பட்ட பெண், இனி கணவர் தன்னை எப்படிப் பார்ப்பார் என்பதைச் சொல்லக்கூடும்.

அந்தப் பெண் அதைச் சொல்வதற்குத் தனி இடம் வேண்டும். வார்டின் நடுவில், கட்டிலுக்குப் பக்கத்தில் நாத்தனார் நிற்க, நடத்தப்படுவதை ஆலோசனை என்று என்னால் ஏற்க முடியவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சிகிச்சை தொடர்பான விவரங்களின் இரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. ஊரில் பாதிப்பேர் உறவாக இருக்கும் நம் பகுதியில் இதை இரட்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெறுபவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கத்துக்காரருக்கு மலையாளம் பழக்கம். தோவாளைக்காரருக்கு அது அவ்வளவாகக் கைவராது. உடன் வந்த மகனையோ மருமகளையோ மொழிபெயர்க்க வைத்தால், நோயாளி தன் துக்கத்தை வடிகட்டித்தான் சொல்வார், அவர்களும் வடிகட்டித்தான் சொல்வார்கள். தமிழ் பேசும் செவிலியரோ சமூகப் பணியாளரோ இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள்.

உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய ஒரு குழப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நேற்று வரை தெளிவாகப் பேசிய பெரியவர் இன்று இரவு பிதற்றுகிறார், மகளை அடையாளம் தெரியவில்லை, சுவரில் யாரோ நிற்பதாகச் சொல்கிறார். நோயை நினைத்து மனம் பேதலித்துவிட்டது என்று சிலர் ஆலோசகரைத் தேடுகிறார்கள், சிலர் மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ திடீரெனத் தொடங்கி, கூடியும் குறைந்தும், இரவில் மோசமாகும் குழப்பம் பெரும்பாலும் உடம்பில் இருந்து வருவது. இரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம், கால்சியம் கூடியிருக்கலாம், சிறுநீரில் கிருமித் தொற்று இருக்கலாம், மருந்தின் அளவு அதிகமாகியிருக்கலாம். முதலில் மருத்துவரிடம்தான் போக வேண்டும், அதுவும் அன்றே. கீமோவுடன் தரப்படும் டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் தூக்கத்தைக் கெடுத்து எரிச்சலைக் கூட்டும் என்பதையும் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தால் பல சண்டைகள் தவிரும்.

வலியோடு துடிப்பவரிடம் மனதைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. வலியை அடக்குங்கள், பிறகு பேசுங்கள். மருத்துவர் அளவு பார்த்துத் தரும் மார்ஃபினைப் போதைப் பழக்கம் என்று அஞ்சி ஒளித்து வைப்பது நோயாளிக்குச் செய்யும் கொடுமை.

"இந்த நோய் வந்தால் யாருக்குத்தான் கவலை வராது?" என்று மனச்சோர்வை இயல்பென விட்டுவிடுவதும் தவறு. களைப்பும் பசியின்மையும் நோயாலேயே வரும், அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. பேரக்குழந்தை வந்தாலும் முகம் மலரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, "நான் எல்லோருக்கும் பாரம்" என்ற பேச்சு இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனச்சோர்வு மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும், நான்கே நாளில் பயனில்லை என்று நிறுத்தக் கூடாது. சாப்பிடும் எல்லா மருந்துகளின் சீட்டையும் காட்டுவது அவசியம். உதாரணமாக, மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் எடுப்பவருக்குப் பராக்சிடின், ஃப்ளூவாக்சிடின் ஆகிய மனச்சோர்வு மருந்துகள் அதன் பலனைக் குறைக்கக்கூடும். மாற்று மருந்துகள் உண்டு.

தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் ஆலோசகர்களிடமும் இருக்கிறது. அப்படி ஆவதில்லை. "வாழ்வதே வேண்டாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராக, அமைதியாகக் கேட்கலாம். கேட்டதும் அழுது, முதன்முறையாக மனம்விட்டுப் பேசுபவர்கள் உண்டு. ஆம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல், வீட்டில் சேர்ந்து கிடக்கும் மாத்திரைகளையும் பூச்சி மருந்துகளையும் பூட்டிவிட்டு, அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் டெலி மனஸ் என்னும் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். போலீஸ் வழக்காகுமோ என்று பயந்து தற்கொலை முயற்சியை மறைக்க வேண்டாம். அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதி, மேற்சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு தண்டனையிலிருந்து அவரைக் காக்கிறது.

ஜெபமும் நேர்ச்சையும் பலரைத் தாங்கி நிற்கின்றன, ஆலோசகர் அவற்றோடு மோத வேண்டியதில்லை. "உன் பாவத்துக்கு வந்த தண்டனை" என்று நோயாளியின் காதில் போடுகிறவர்களையும், மருந்தை நிறுத்தச் சொல்கிறவர்களையும் மட்டும் வாசலிலேயே நிறுத்துங்கள்.

சிகிச்சை முடிந்ததும் ஆலோசனையையும் நிறுத்திவிடுகிறார்கள். மறுபரிசோதனைக்குத் தேதி நெருங்கும்போது பயம் திரும்பவும் ஏறும், அந்த நாட்களுக்கென்று சந்திப்பை முன்பே குறித்துக்கொள்வது நல்லது. படுக்கையில் இருப்பவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வலி தணிப்புச் சிகிச்சைக்கான செவிலியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லலாம். அவர்கள் வரும் நாளில், இரவெல்லாம் விழித்திருக்கும் மனைவியிடமோ மருமகளிடமோ "நீங்கள் தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா?" என்று தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் ஆலோசனை தேவைப்பட்டால் மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக அரசு மருத்துவமனையிலேயே பெறலாம்.